கான்கூன்: கணக்குப் போட்டுச் செய்த கடற்கரை

நண்பர்களோடு ஒரு வாரம் சும்மா இருப்பதற்கென்றே ஓர் ஊரை உருவாக்கியது மெக்சிகோ. அந்தச் சும்மாவுக்காக நடக்கும் வேலையோ கொஞ்சநஞ்சமல்ல.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலை நம் ஊர் பஸ் நிலையங்களோடு முடிந்துவிடுவதில்லை. மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையில், கரீபியன் கடலிலிருந்து சூரியன் முழுசாக எழும்பும் முன்பே அது தினமும் அரங்கேறுகிறது. நண்பர்கள் கூட்டமாக வந்து தங்கும் எந்தக் கோஷ்டியிலும் சீக்கிரம் விழித்துவிடும் ஓர் அப்பாவி இருப்பார். ஐந்து துண்டுகளை ஐந்து சாய்வு நாற்காலிகளில் விரித்து, ஓலைக்குடை ஒன்றையும் வளைத்துப் போடும் பொறுப்பு அவர் தலையில் விழும். மற்ற நால்வரும் பத்து மணிக்குச் சாவகாசமாக வந்து, இடம் சரியில்லை என்று குறை சொல்வார்கள்.

காலையில் அந்த அப்பாவிக்குக் கிடைக்கும் ஒரே சன்மானம், மற்றவர்கள் பார்க்காத ஒரு காட்சி. கோடை மாதங்களில், அலை ஒதுக்கிவிட்டுப் போன பழுப்புப் பாசியைத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று வாரிக்கொண்டிருப்பார்கள். கையில் வாரி, பக்கத்தில் தள்ளுவண்டி. பெரிய இயந்திரங்களை விட்டால் மணல் இறுகும், ஆமை முட்டைகள் நசுங்கும் என்பதால் பல இடங்களில் கைவேலைதான். விருந்தினர்கள் காலை உணவை முடிப்பதற்குள் கடற்கரை விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் ஆகிவிட வேண்டும். பெரும்பாலும் ஆகிவிடுகிறது.

கான்கூனில் ஓய்வு என்பது தயாரித்துத் தரப்படும் பொருள். ஊரே அப்படித்தான் வந்தது.

1960களின் கடைசியில் மெக்சிகோ நாட்டு மத்திய வங்கிக்கு அந்நியச் செலாவணிக் கவலை. அமெரிக்கர்களின் விடுமுறைப் பணம் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பசிபிக் கரையில் அகபுல்கோ ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தாலும் கரீபியன் கரையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வங்கியின் நிபுணர்கள் நாட்டின் கரைகளை ஆராய்ந்தார்கள். வெயில் எத்தனை நாள், கடல் நீர் எவ்வளவு இதம், புயல் எப்போது, விமானம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். யுகாட்டன் தீபகற்பத்தின் வடகிழக்கு நுனியில், வரைபடத்தில் தேடினாலும் எளிதில் கிடைக்காத ஒரு மணல் திட்டு தேறியது. அங்கே தேங்காய்க்காக ஒரு தென்னந்தோப்பு. அதைப் பார்த்துக்கொள்ள மூன்றே மூன்று பேர் என்பது ஊரின் பிரபலமான கதை. எதிர்க்கரையில் புவேர்தோ ஹுவாரெஸ் என்ற சிறு மீனவர் குடியிருப்பு.

1970ல் வேலை தொடங்கியது. சாலை, விமான நிலையம், குடிநீர், தொழிலாளர்களுக்கான நகரம் எல்லாமே வெறும் தரையிலிருந்து. இன்டர்-அமெரிக்க வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. தனியார் முதலாளிகள் மட்டும் தயங்கினார்கள். கொசுக் கடிக்கும் காட்டில் யார் வந்து தங்குவார்கள் என்ற சந்தேகம். கடைசியில் முதல் ஹோட்டல்களுக்கு அரசே பணம் போட வேண்டியிருந்தது. அவை 1974-75 வாக்கில் திறக்கப்பட்டன. அதே 1974ல்தான், அதுவரை மத்திய ஆட்சிப் பிரதேசமாக இருந்த கின்டானா ரோ மாநில அந்தஸ்து பெற்றது. திட்டத்தை முன்னின்று நடத்திய அன்டோனியோ என்ரிகெஸ் சவிக்னாக் பிற்பாடு நாட்டின் சுற்றுலா அமைச்சராகி, 1990களில் உலகச் சுற்றுலா அமைப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். வங்கிக்காரருக்குக் கிடைத்த நல்ல வட்டி.

மூன்று பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பின்போது கிட்டத்தட்ட 9 லட்சம் பேர். 2023ல் மட்டும் விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 3 கோடிக்கு மேல்.

இந்தியாவுக்கும் இந்த ஊர் புதிதல்ல. 1981 அக்டோபரில், வளர்ந்த நாடுகளும் வளரும் நாடுகளும் பேசிக்கொள்ள 22 நாட்டுத் தலைவர்கள் இங்கே கூடியபோது ரீகன், தாட்சர், மித்தரான் ஆகியோரோடு இந்திரா காந்தியும் வந்திருந்தார். ஊர் திறந்து அப்போது பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. 2003 செப்டம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு இங்கேதான் முறிந்தது. விவசாய மானியப் பிரச்சினையில் பிரேசிலோடு சேர்ந்து மல்லுக்கு நின்ற இந்தியாவின் சார்பில் வந்தவர் அருண் ஜெட்லி. 2010ல் பருவநிலை மாநாட்டுக்கு ஜெய்ராம் ரமேஷ். மாநாட்டுக்காரர்களுக்கு இது பிடித்த ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ஒரே சாலை. ஆர்ப்பாட்டக்காரர்களைத் தூரத்திலேயே தடுத்துவிடலாம்.

ஹோட்டல் மண்டலத்தின் வடிவம் 7 என்ற எண். சுமார் 23 கிலோமீட்டர் நீளமுள்ள, சில இடங்களில் சில நூறு மீட்டரே அகலமான மணல் பட்டை. உள்பக்கம் நிச்சுப்தே காயல், வெளியே கடல். அறை பதிவு செய்யும் நண்பர்கள் இந்த 7ஐ மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மேலே இருக்கும் குட்டைக் கை வடக்கே பார்க்கிறது. அங்கே அலை குறைவு, குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இடுப்பளவு நீரில் நின்று அரட்டை அடிக்கலாம். நீண்ட கால் திறந்த கடலைப் பார்க்கிறது. நிறம் அங்கேதான் அற்புதம்; நீரோட்டமும் அங்கேதான் ஆளை இழுக்கும். கரையில் பறக்கும் கொடி பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்காமல் கால் வைக்கக் கூடாது. கறுப்புக் கொடி என்றால் கடலைப் பார்ப்பதோடு சரி.

அந்த நீலத்துக்கு ஒரு காரணம் உண்டு. யுகாட்டனின் வடபகுதியில் தரைக்கு மேல் ஓடும் ஆறே கிடையாது. தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல்; பெய்த மழை ஒழுகி நிலத்தடிக் குகைகளுக்குள் ஓடுகிறது. குகையின் கூரை இடிந்த இடங்கள்தான் செனோட்டே எனப்படும் இயற்கைக் கிணறுகள். மாயா மக்களுக்குக் குடிநீர் தந்தவை. இன்று டிக்கெட் எடுத்துக் குதிக்கும் இடங்கள். ஆறு இல்லாததால் கடலில் வண்டல் கலப்பதில்லை. மணலும் மலையிலிருந்து வந்ததல்ல. சிப்பி, பவளம், சுண்ணாம்புத் துகள் இவற்றின் வெள்ளைப் பொடி. அதனால்தான் உச்சி வெயிலில்கூட கால் சுடுவதில்லை. மெரினாவில் மே மாதம் மதியம் செருப்பைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்தியர்களும் இங்கே கோஷ்டியாக வருகிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஹியூஸ்டனிலிருந்து இரண்டேகால் மணி நேரம்தான். மார்ச் மாதத்தை மட்டும் தவிர்க்கலாம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வசந்த விடுமுறை அது. அமைதி தேடி வருபவர்கள் அமைதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காண்பார்கள்.

பெரும்பாலான ஹோட்டல்களில் முறை ஒன்றே: ‘தோதோ இன்க்லூய்தோ’, அதாவது எல்லாம் உள்ளடக்கம். வரவேற்பறையிலேயே மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிடுவார்கள். கத்தரிக்கோல் வைத்தால்தான் கழலும். அதைக் காட்டினால் சாப்பாடு, குடி, நாற்காலி, இரவு ஆட்டம் பாட்டம் எதற்கும் பணம் கிடையாது. நண்பர்கள் கூட்டத்துக்கு இது பெரிய நிம்மதி. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு இல்லாவிட்டால் நட்பு ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கும். பட்டையின் கோளாறு வேறு. வாசலைத் தாண்டினால் அது செல்லாது. ஆகவே யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. ஏழு நாள் இருந்துவிட்டு, மெக்சிகோவில் ஒரு பெசோ நோட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்கள் ஏராளம்.

அவர்கள் இழப்பதில் முதலாவது சாப்பாடு. காயலைச் சுற்றிக்கொண்டு ஆர்-1 பஸ்ஸில் ஊருக்குள் போனால், பார்க்கே தே லாஸ் பலாபாஸ் என்ற மைதானத்தில் சாயங்காலம் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். வேகவைத்த சோளத்தில் எலுமிச்சை பிழிந்து மிளகாய்த் தூள் தூவித் தருகிறார்கள். மாம்பழத்துக்கும் அதே கவனிப்பு. இளநீரைக் குடித்து முடித்தபின் வழுக்கையைச் சீவி உப்பு, எலுமிச்சை, மிளகாய் போட்டு நீட்டுகிறார்கள். குடிக்கப் புளித் தண்ணீர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் மூலம் நம்மிடம் வந்தது. புளியோ ஸ்பானியர் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது, ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுப் பெயரோடு. ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று. சோள மாவைப் பிசைந்து உள்ளே பூரணம் வைத்து வாழை இலையில் மடித்து அவிக்கும் ‘தமால்’ என்ற பண்டமும் உண்டு. பெயரைக் கேட்டு ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். அது நாவாட்டில் மொழிச் சொல், தமிழுக்குச் சம்பந்தமில்லை. ருசியில் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவக்காரர்கள் ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு போவது நல்லது: ‘மந்தேகா’. பன்றிக் கொழுப்பு. பருப்பு மாதிரி அப்பாவியாகத் தெரியும் பீன்ஸ் மசியலில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அந்த பஸ்ஸில் இன்னொன்றும் தெரியும். விடியுமுன் ஹோட்டல் மண்டலத்தை நோக்கி வரும் பஸ்கள் நிறைந்திருக்கும், மாலையில் எதிர்த்திசை. அறை கூட்டுபவர்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள். யுகாட்டன், சியாபாஸ், தபாஸ்கோ, வெராக்ரூஸ் என்று பல மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்வது மாயா மொழி. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் தொழிலாளர்களுக்கும் கட்டம் கட்டமாக மனை வகுத்திருந்தார்கள். ஆட்கள் வந்த வேகம் வரைபடத்தை மிஞ்சிவிட்டது. வடக்கிலும் மேற்கிலும் சாலையும் சாக்கடையும் பின்னால் வரட்டும் என்று குடியிருப்புகள் முளைத்தன. ஹோட்டல்களுக்காகக் கணக்கெடுத்த துல்லியம் இவர்கள் விஷயத்தில் தவறிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக அரசு கடிகாரத்தையே மாற்றியிருக்கிறது: சாயங்கால வெயில் ஒரு மணி நேரம் நீளட்டும் என்று 2015 பிப்ரவரியில் கின்டானா ரோ மட்டும் தனி நேரத்துக்கு மாறியது. குளிர்காலத்தில் விடிவதற்கு நேரமாகிறது. அந்த இருட்டில் பஸ் பிடிப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போதை மருந்துக் கும்பல்களின் சண்டை அவ்வப்போது கரையை எட்டியதால் 2021 டிசம்பர் முதல் தேசியக் காவல் படையினரும் பூட்ஸ் காலோடு மணலில் ரோந்து போகிறார்கள். நீச்சல் உடைகளுக்கு நடுவே துப்பாக்கி. முதல் நாள் திடுக்கிடும் நண்பர்கள் மூன்றாம் நாள் கண்டுகொள்வதில்லை.

ஒரு நாளாவது படகேற வேண்டும். புவேர்தோ ஹுவாரெஸிலிருந்து இருபது நிமிடத்தில் இஸ்லா முஹேரெஸ், ‘பெண்கள் தீவு’. 1517ல் வந்த ஸ்பானியர்கள் இங்கே பெண் தெய்வச் சிலைகளைக் கண்டு வைத்த பெயர் என்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் நீளத் தீவைச் சுற்ற கோல்ஃப் மைதான வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாலு பேர் வண்டியில் ஐந்து பேர் ஏறுவதா என்ற விவாதத்திலேயே அரை மணி போகும். வடக்குக் கரையில் கடல் குளம்போலக் கிடக்கிறது. தெற்கு முனையில் மாயா தேவதை இஷ்செல்லின் சிதைந்த கோயில். இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல், கடலுக்கடியில் ஓர் அருங்காட்சியகம். இயற்கைப் பவளப் பாறைகளைப் பயணிகள் மிதித்துத் தேய்த்துவிடுகிறார்கள் என்று, அவர்களை வேறு பக்கம் திருப்புவதற்காக 2010 வாக்கில் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் முதலானோர் நூற்றுக்கணக்கான மனித உருவங்களை சிமென்டில் வார்த்து இறக்கினார்கள். இன்று அந்த முகங்களில் பாசியும் பவளமும் படர்ந்திருக்கின்றன.

பவளத்தின் மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்குக் கான்கூனின் மணல்தான் பதில். 1988 செப்டம்பரில் கில்பர்ட் புயல் வந்து கியூபா மீன்பிடிக் கப்பல் ஒன்றைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டுப் போனது. 2005 அக்டோபரில் வந்த வில்மா போகவே இல்லை. ஒரு நாளுக்கு மேல் அந்த நுனியிலேயே உட்கார்ந்து அடித்தது. இஸ்லா முஹேரெஸில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை; சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஆயிரக்கணக்கான பயணிகள் பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் நாள்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது நீண்ட காலின் பல இடங்களில் கடற்கரை இல்லை. வெறும் பாறையும், சுவர் வரை வந்து மோதும் அலையும்.

கரை என்பது நிற்கும் பொருள் அல்ல. புயல் மணலை எடுத்துப் போகும். பின்னால் இருக்கும் மணல்மேடு அந்தக் குறையை நிரப்பும். கடலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். கான்கூனில் அந்த மணல்மேட்டின் மேல்தான் ஹோட்டல்கள் நிற்கின்றன. கடலுக்கு மிக அருகே ஜன்னல் வேண்டும் என்ற ஆசை அது. எல்லா விருந்தினருக்கும் உள்ள ஆசை. காயல் பக்கத்தில், பிச்சாவரத்தில் இருப்பதுபோன்ற அலையாத்திக் காடுகளை நிரவித்தான் கட்டடங்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் இடம் பண்ணினார்கள். 2007ல் அந்தக் காடுகளைக் காக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2016 ஜனவரியில், தஹமார் என்ற இடத்தில் இயந்திரங்கள் இறங்கி அலையாத்திகளை அழித்தபோது நகரமே கொதித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

போன மணலுக்கு வைத்தியமாக 2006லும் 2010ஐ ஒட்டியும் கடலடியிலிருந்து லட்சக்கணக்கான கன மீட்டர் மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டினார்கள். இன்று நண்பர்கள் துண்டு விரிக்கும் மணலில் பெரும்பங்கு அப்படிக் குழாய் வழியே வந்தது. மறுபடி அரிக்கிறது, மறுபடி கொட்ட வேண்டும். செலவு பார்த்தவர்களுக்கு, அலையின் வேகத்தை இலவசமாகக் குறைத்துக்கொண்டிருக்கும் பவளத் திட்டின் மதிப்பு அப்போதுதான் உறைத்தது. கரையோரமாக சுமார் 1,000 கிலோமீட்டர் நீளும் மெசோஅமெரிக்கப் பவளத் தொடரின் ஒரு பகுதிக்கு 2019ல் மாநில அரசு காப்பீடே எடுத்தது. காருக்கும் கட்டடத்துக்கும் எடுப்பதுபோலத்தான். 2020ல் டெல்டா புயல் அடித்ததும் சுமார் எட்டரை லட்சம் டாலர் கைக்கு வந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கி, உடைந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி, பாறையில் திரும்ப ஒட்டினார்கள்.

பாசிக்கு மட்டும் காப்பீடு இல்லை. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வரத் தொடங்கிய சர்கஸம் 2015லும் 2018லும் மலைபோல் குவிந்தது. 2019ல் கடற்படையிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள். நீரில் மிதக்கும்வரை குஞ்சு மீன்களுக்கு வீடு. கரையில் ஒதுங்கி அழுகினால் கூமுட்டை நாற்றம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே போனால் தொல்லை குறைவு, புயல் பயமும் ஓய்ந்திருக்கும். பாசி காலத்தில் போக நேர்ந்தால் ஆறுதலுக்கு ஆமைகள் உண்டு. மே முதல் அக்டோபர் வரை இரவில் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஹோட்டல் ஊழியர்கள் முட்டைகளுக்கு வேலி போட்டு, குஞ்சு பொரித்ததும் சாயங்காலம் கடலில் விடுகிறார்கள். அந்நேரம் மதுக் கோப்பையோடு நிற்கும் முரட்டு ஆசாமிகள்கூட மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்.

மெக்சிகோ சட்டப்படி கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து. எந்த ஹோட்டலுக்கும் மணல் சொந்தமல்ல. ஆனால் மணலுக்குப் போகும் வழி சொந்தம். தொடர்ச்சியாகச் சுவர் எழுப்பிவிட்டால் சட்டம் உள்ளே போக இடமில்லை. 2020ல் சட்டத்தைத் திருத்தி, வழி மறிப்பவர்களுக்கு அபராதம் என்றார்கள். இருந்தும் நகரத்துக்காரர்கள் தங்கள் கடலைப் பார்க்க நேராகப் போவது ஒருசில பொதுக் கரைகளுக்குத்தான். அவற்றில் பெரியது ப்ளாயா தெல்ஃபீனெஸ். நீண்ட காலின் பாதிக்குக் கீழே, முன்னால் ஹோட்டலே இல்லாத திறந்த கரை. அதனாலேயே ஊரின் மிக அழகான காட்சி அங்கேதான். மணிக்கட்டுப் பட்டைக்காரர்களும் வண்ண எழுத்துகளில் நிற்கும் ஊர்ப் பெயருக்கு முன்னால் படமெடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். ஐஸ் பெட்டி, பாத்திரங்களில் சோறும் கோழியும், ஒரு பந்து, சத்தமாக ஒரு பாட்டுப் பெட்டி. காலையில் வந்தவர்கள் இலவச ஓலைக்குடைகளைத் துண்டு போட்டே பிடித்துவிட்டார்கள். வாரமெல்லாம் பிறருக்குப் படுக்கை விரித்தவர்கள் அன்று மணலில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறார்கள்; பிள்ளைகள் அவர்களைக் கழுத்துவரை புதைக்கிறார்கள். கொடி மஞ்சள். கூட்டத்தின் ஓரத்தில் இடம் தேடி நிற்கும் ஐந்து நண்பர்களைப் பார்த்து ஒரு பெண்மணி, தன் பெட்டியை நகர்த்தி, உட்காரும்படி கை காட்டுகிறார்.

இருட்டியதும் எல்லோரும் துண்டை உதறிவிட்டு ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். உட்கார இடமில்லை, தரையெல்லாம் மணல். நண்பர்கள் சில நிறுத்தங்கள் தாண்டி, விளக்கு அலங்காரத்துக்கு முன்னால் இறங்கிக்கொள்கிறார்கள். தூங்கிவிட்ட பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி நிற்பவர்களோடு பஸ் காயலைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போகிறது.